சவுண்ட் பாக்ஸ் பேசுகிறது, பணம் கைக்கு வரவில்லை

கேள்வி இது: வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் மளிகைக் கடை. ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம்காரர்கள்தான் வாடிக்கை. யாரோ ஒருவர் ஜிபேயில் அனுப்பிய 3,500 ரூபாய் மோசடிப் பணமாம். அதற்காக 1,80,000 ரூபாய் இருக்கும் கணக்கையே முடக்கிவிட்டார்கள். வங்கியில் கேட்டால் "வெளி மாநில சைபர் போலீஸ், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்கிறார்கள். நான் யாரையும் ஏமாற்றவில்லை. இது என்ன சட்டம், எப்படி மீள்வது?

முதலில் ஒரு அவசர வேலை. கவுன்டரில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை இப்போதே கழற்றுங்கள். இந்த மாதிரி முடக்கம் பெரும்பாலும் 'டெபிட் ஃப்ரீஸ்'. பணம் உள்ளே வரும், வெளியே போகாது. வாடிக்கையாளர் ஸ்கேன் செய்வார், சவுண்ட் பாக்ஸ் வழக்கம்போல "இருநூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தும், நீங்களும் கடுகெண்ணெயையும் பொரியையும் எடுத்துக் கொடுப்பீர்கள். அந்த 240 ரூபாயும் பூட்டிய பெட்டிக்குள்தான் விழுகிறது. வேறு வங்கியில் கணக்கு இருந்தால் அதற்கான கியூஆரை மாட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நாள் ரொக்கம் மட்டும் வாங்குங்கள்.

அடுத்து, இது சைபர் முடக்கம்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கேஒய்சி புதுப்பிக்காவிட்டாலும் கணக்கு நிற்கும். ஜிஎஸ்டி துறை 83-ஆம் பிரிவில் தற்காலிகமாக முடக்கலாம், நீதிமன்றமும் முடக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. கேஒய்சி என்றால் ஆதாரும் பான் கார்டும் கொண்டுபோனால் வேலை முடிந்தது. உங்கள் விஷயத்தில் வங்கியே சைபர் போலீஸ் என்று சொல்லிவிட்டதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பணம் ஏமாந்த ஒருவர் 1930 எண்ணுக்குப் பேசுகிறார், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிகிறார். அவருக்கு ஒரு ஒப்புகை எண் கிடைக்கும். அந்தப் புகார் உடனே அவருடைய வங்கிக்குப் போகும். வங்கி பார்க்கும்போது பணம் வேறு வங்கிக்குத் தாவியிருந்தால், புகாரும் அங்கே தாவும். அங்கிருந்து நாலு கணக்குக்குப் பிரிந்திருந்தால் நாலு பக்கமும் போகும். ஒவ்வொரு தாவலுக்கும் 'லேயர்' என்று பெயர். முதல் லேயரில் மோசடிக்காரன் வாடகைக்கு எடுத்த கணக்கு இருக்கும். மூன்றாவது, ஐந்தாவது லேயரில் பெட்ரோல் பங்க், மெடிக்கல் ஷாப், லாட்ஜ், உங்களைப் போன்ற மளிகைக் கடை வரும். பணம் எங்கே நிற்கிறதோ அங்கே பிடித்துவைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் வேலை. உங்களைக் குற்றவாளி என்று யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கவில்லை. பணம் போன தடத்தில் உங்கள் கணக்கு எண் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வேகம் தேவையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆற்காட்டிலோ குடியாத்தத்திலோ ஓய்வூதியக்காரர் ஒருவர் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டப்பட்டுப் பணத்தை அனுப்பிவிட்டால், அது சில நிமிடங்களில் பத்துக் கணக்குக்குச் சிதறிவிடும். நோட்டீஸ் அனுப்பி, பதில் வாங்கி, பிறகு பிடிக்கலாம் என்றால் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. (டிஜிட்டல் அரெஸ்ட் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னொரு முறை சொல்லிவையுங்கள்.) என் சண்டை வேகத்தோடு இல்லை. 3,500 ரூபாயைப் பிடிக்கவேண்டிய இடத்தில் 1,80,000 ரூபாயைப் பிடிக்கிறார்களே, அதோடுதான். கல்லாவில் ஒரு கள்ளநோட்டு அகப்பட்டால் அந்த நோட்டுதான் போகும். கல்லாவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதன் 106-ஆம் பிரிவு, பழைய 102-ஆம் பிரிவின் வாரிசு. திருடப்பட்டது என்று சந்தேகப்படும் சொத்தையும், குற்றம் நடந்ததாகச் சந்தேகம் எழுப்பும் சூழலில் கிடைக்கும் சொத்தையும் போலீஸ் கைப்பற்றலாம் என்கிறது. வங்கிக் கணக்கும் 'சொத்து'தான் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தாபஸ் நியோகி வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதே 106-இன் மூன்றாம் உட்பிரிவு, கைப்பற்றியதைத் தாமதமில்லாமல் அந்த எல்லைக்குரிய மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. நடைமுறையில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். பின்னால் உங்களுக்குப் பயன்படப்போவதும் இதுதான்.

பக்கத்திலேயே 107-ஆம் பிரிவும் இருக்கிறது. குற்றத்தால் வந்த சொத்தை முடக்குவதற்கென்றே புதிதாகச் சேர்த்தது. அதில் போலீஸ் தானாக முடக்க முடியாது. எஸ்.பி. அல்லது கமிஷனரின் ஒப்புதலோடு நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். 14 நாளுக்குள் காரணம் சொல்லச் சொல்லி நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பும், அவசரம் என்றால் நோட்டீஸ் இல்லாமலே இடைக்கால உத்தரவு போடலாம். கடைக்காரருக்கு நியாயமான வழி இது. புலனாய்வு அதிகாரிக்கு அலைச்சலான வழியும் இதுதான். அதனால்தான் கை 106-க்கே போகிறது. ஸ்டேஷன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் பைக்கையும், தினமும் பணம் வந்து போகும் கணக்கையும் ஒரே பிரிவால் கைப்பற்றுவது பொருந்தாத ஏற்பாடு என்பது என் கருத்து. பிடித்த மறுநாளே கணக்குக்காரருக்குத் தகவல், பிடிப்பது தொகைக்கு மட்டும், குறித்த நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் தானாக விடுவிப்பு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கவேண்டும். புதுச் சட்டம் எழுதும்போது அதற்கான வாய்ப்பு கையில் இருந்தது.

சரி, செய்யவேண்டியதற்கு வருவோம்.

வங்கிக் கிளைக்கு வாய்வார்த்தையாகப் போகாதீர்கள். கடிதத்தோடு போங்கள். "எனது கணக்கு எதனால் முடக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் "சைபர் புகார்" என்ற ஒற்றை வரிப் பதில்தான் வரும். கேள்வியைக் கூறுபோட்டுக் கேளுங்கள்: கோரிக்கை அனுப்பியது எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண், அவர்கள் குறிப்பிட்ட சட்டப்பிரிவு, கோரிக்கை வந்த தேதி, சர்ச்சைக்குரிய பரிவர்த்தனையின் 12 இலக்க யூடிஆர் எண், தேதி, தொகை, புலனாய்வு அதிகாரியின் அலுவலக மின்னஞ்சல், முழுக் கணக்கையும் முடக்கச் சொன்னார்களா, குறிப்பிட்ட தொகையை மட்டுமா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். போலீஸ் கேட்டது 3,500-ஐ நிறுத்திவைக்கத்தான், வங்கிதான் 'எதற்கு வம்பு' என்று கணக்கையே பூட்டியது என்பதும் நடக்கிறது. அப்படியானால் உங்கள் தகராறு வங்கியோடு, அது இங்கேயே தீரும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் சீலும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால், சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

அதே கடிதத்தில் ஒரு பத்தி சேருங்கள்: "சர்ச்சைக்குரிய 3,500 ரூபாய்க்கு மட்டும் லியன் குறித்து, மீதித் தொகையை இயக்க அனுமதிக்கக் கோருகிறேன்." லியன் என்றால் அந்தத் தொகையை மட்டும் தொடமுடியாதபடி குறித்துவைப்பது. கேரள உயர் நீதிமன்றம் 2023-இலும், சென்னை உயர் நீதிமன்றம் 2024-இலும் இதே திசையில்தான் உத்தரவிட்டிருக்கின்றன: சந்தேகத் தொகையை நிறுத்திவை, மீதியை விடு. கிளை மேலாளர் தானாக அவிழ்க்கமாட்டார். ஆனாலும் கோரிக்கை எழுத்தில் இருந்தால் அடுத்த படியில் அது பேசும்.

பதில் வந்ததும் அந்த யூடிஆர் எண்ணை உங்கள் ஸ்டேட்மென்ட்டில் தேடுங்கள். அன்று அந்த நேரத்தில் என்ன விற்றீர்கள்? இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பொருள் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. கேமரா இருக்கிறதே என்பார்கள். கடையில் 4 கேமரா, 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 43 ஜிபி. 23 நாளில் டிஸ்க் நிரம்பி, பழையதன் மேலேயே பதியத் தொடங்கும். படத்தின் தரத்தைக் கூட்டி வைத்திருந்தால் 12 நாள்கூடத் தாங்காது. முடக்கமோ பணம் வந்து மாதம் கழித்துக்கூட வரும். இன்னும் அழியாமல் இருந்தால் இன்றே பென் டிரைவில் இறக்குங்கள். நீதிமன்றத்தில் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் 'அ' பகுதி உங்களுடையது, 'ஆ' பகுதி நிபுணருடையது. கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பை வைத்துக் கணினி கணக்கிடும் அடையாளக் குறியீடு) எழுதவேண்டும். ஆகவே இறக்கிய கோப்பை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல் அப்படியே வையுங்கள். ஒரு நொடி வெட்டினாலும் ஹாஷ் மாறிவிடும். வங்கி ஸ்டேட்மென்ட்டுக்கு 1891-ஆம் ஆண்டின் வங்கியர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி வங்கியே சான்று தரும், கேட்டு வாங்குங்கள்.

பில் இல்லை, கேமரா இல்லை என்றாலும் வெறுங்கை இல்லை. மாநகராட்சித் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜிஎஸ்டி இருந்தால் அது, கடை வாடகை ஒப்பந்தம், அந்த வாரம் மண்டித் தெருவில் சரக்கு எடுத்த சீட்டு, போர்டு தெரியும் கடைப் படம், மூன்று மாத ஸ்டேட்மென்ட். தினம் எண்பது, நூறு என்று சின்னச்சின்ன வரவுகளும் நடுநடுவே மண்டிக்குப் போன பெரிய பற்றுகளும் உள்ள ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தாலே, இது கடையின் கணக்கு என்று எந்த அதிகாரிக்கும் புரியும். வாடகைக் கணக்கில் திடீரென்று லட்சம் வரும், பத்து நிமிடத்தில் சுழியாகிவிடும். அந்த முகமே வேறு.

இவற்றை ஒரே பிடிஎஃப் ஆக்கி, புலனாய்வு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பொருளில் ஒப்புகை எண் இருக்கட்டும். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கட்டும், தமிழில் அனுப்பினால் அங்கே படிக்க ஆளிருக்காது. நான்கு விஷயம் போதும்: நான் யார், அன்று என்ன விற்றேன், பணம் அனுப்பியவரை எனக்குத் தெரியாது, தொகையை மட்டும் நிறுத்திக் கணக்கை விடுங்கள். கூடவே, 106(3)-இன்படி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்பிய தேதியையும் பணிவாகக் கேளுங்கள். சண்டைக் குரல் வேண்டாம். அந்தக் கேள்வி போதும். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால், அதே புகார் இணையதளத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தொடர்பு அதிகாரி, குறைதீர் அதிகாரி பட்டியல் இருக்கிறது, அவர்களுக்கு நகல் அனுப்புங்கள். 1930-க்குப் பேசிப் பயனில்லை, அது ஏமாந்தவர்களுக்கான எண். நம் மாவட்ட சைபர் கிரைம் போலீஸாராலும் வேறு மாநிலம் போட்ட பூட்டைத் திறக்க முடியாது.

இந்தக் கட்டத்தில் ஒரு போன் வரலாம். "அந்த 3,500-ஐ இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, கணக்கு திறந்துடும்." அனுப்பாதீர்கள். பேசுபவர் நிஜப் போலீஸா, முடக்கத்தை மோப்பம் பிடித்த இன்னொரு திருடனா என்று உங்களுக்குத் தெரியாது. நிஜமே ஆனாலும் தனிநபர் எண்ணுக்குப் போன பணத்துக்குக் கணக்கு கிடையாது. உங்களுக்கு அந்த 3,500 போனாலும் பரவாயில்லை, கடை ஓடினால் போதும் என்றிருந்தால் (தொகை சிறியதாக இருக்கும்போது அது புத்திசாலித்தனமான முடிவுதான்), "குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், என் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல், இந்தத் தொகையை நீதிமன்ற உத்தரவுப்படி உரியவருக்குத் தர ஆட்சேபமில்லை" என்று வங்கிக்கும் அதிகாரிக்கும் எழுத்தில் கொடுங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் நீதிமன்றம்தான். அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின் கீழ், கைப்பற்றிய சொத்தைத் திருப்பித் தரக் கோரி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். ஆனால் அந்த மாஜிஸ்திரேட் அந்தக் காவல் நிலையம் இருக்கும் ஊரில் இருப்பார். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் அந்த மனு நிற்காது. அங்கே ஒரு வக்கீல் பிடிக்கவேண்டும். இன்னொரு வழி, சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் ரிட். வங்கிக் கிளை வேலூரில் இருப்பதால் வழக்கின் காரணம் இங்கேயும் எழுகிறது என்று வாதிடலாம். நான் பார்த்த அளவில் சிறு வியாபாரிக்கு இதுவே பொருத்தம். ஆனால் 20,000 ரூபாய் சிக்கியிருக்கும் கணக்குக்காக ரிட் போடாதீர்கள், செலவு மிஞ்சிவிடும். உங்களுக்கு 1,80,000, அதுவும் மண்டிக்குக் கொடுக்கவேண்டிய சரக்குப் பணம் என்பதால் யோசிக்கலாம். வங்கிக்கும் போலீஸுக்கும் நீங்கள் எழுதிய கடிதங்கள் அங்கே முதல் ஆவணம்.

ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனை, அதாவது வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரை, பலரும் முதல் வாசலாக நினைக்கிறார்கள். போலீஸ் உத்தரவை அவர் நீக்கமாட்டார். வங்கி விவரம் தர மறுத்தால், அல்லது கேட்ட தொகைக்கு மேல் தானாகவே பூட்டியிருந்தால் மட்டும் அங்கே போங்கள். முதலில் வங்கியில் எழுத்தில் புகார் செய்து 30 நாள் பதில் வராமலோ, பதில் திருப்தியில்லாமலோ இருக்கவேண்டும்.

இதற்கிடையில் கணக்கோடு கட்டியிருக்கும் தவணைகளைக் கவனியுங்கள். வண்டித் தவணை, சீட்டு, இன்ஷூரன்ஸ் எல்லாம் 5-ஆம் தேதி திரும்பி வரும், ஒவ்வொன்றுக்கும் தண்டம் போடுவார்கள், கடன் வரலாறும் கெடும். தவணைத் தேதிக்கு முன்பே அந்தக் கம்பெனிகளுக்கு முடக்கத்தைத் தெரிவித்து, வேறு வழியில் கட்டிவிடுங்கள். கொடுத்துவைத்த காசோலைகளை வங்கியில் போடவேண்டாம் என்று சரக்குக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

இனி வேலூருக்கே உரிய ஒரு விஷயம். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு வட்டாரத்தில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு ரொக்கம் வேண்டும். "தாதா (அண்ணா), ஜிபே பண்றேன், கையில பத்தாயிரம் குடுங்க" என்பார். கடைக்காரர் நூறோ இருநூறோ எடுத்துக்கொண்டு கொடுப்பார். நிஜமான நோயாளியின் அண்ணனும் இதையே கேட்பார், மோசடிப் பணத்தை நோட்டாக்க வந்தவனும் இதையே கேட்பான், முகத்தில் வித்தியாசம் தெரியாது. பொருள் விற்றதற்கு வந்த 3,500-க்கு உங்களிடம் பதில் இருக்கிறது. கமிஷனுக்கு நோட்டு மாற்றிய 10,000-க்கு இல்லை. திருட்டுப் பணம் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ வாங்கினால்தான் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் குற்றம். நேர்மையாகப் பொருள் விற்றவர் அதற்குள் வரமாட்டார். கமிஷன் வாங்கியவரிடம் "நம்பக் காரணம் இருந்ததே" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அந்த 3,500 அப்படி வந்ததாக இருந்தால், மேலே சொன்ன கடிதத்தை எழுதுவதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். பொருள் விற்றதாகப் பொய் பில் போட்டு மட்டும் அனுப்பிவிடாதீர்கள், சின்ன விஷயம் பெரிய வழக்காகிவிடும்.

லாட்ஜ்காரர்கள் நிலைமை கொஞ்சம் மேல். பதிவேடு, அடையாள அட்டை நகல், பங்களாதேஷ்காரர் என்றால் 24 மணி நேரத்துக்குள் ஏற்றும் வெளிநாட்டவர் விவரப் படிவம் என்று எல்லாம் கையில் இருக்கிறது. அவர்களுக்குச் சிக்கல், தங்கியவர் ஒருவர், பணம் அனுப்பியவர் வேறொருவர் என்பதில். அறை வாடகையை முன்பின் தெரியாத ஏஜென்ட் ஒருவன் எங்கிருந்தோ போடுவான். அப்படி வந்தால் பில்லிலேயே தங்கியவர் பெயர், செல்பேசியில் தெரியும் அனுப்புநர் பெயர், யூடிஆர் எண்ணின் கடைசி நாலு இலக்கம் மூன்றையும் எழுதித் தங்கியவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். மளிகைக் கடைக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் போகும் வியாபாரத்துக்கு இதையே வழக்கமாக்குங்கள். ஐம்பது ரூபாய் பில் புத்தகமும் கார்பன் தாளும் போதும்.

கியூஆருக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். அதில் வீட்டுப் பணம், பிள்ளை படிப்புப் பணம், தவணை எதுவும் வேண்டாம். ராத்திரி கடை அடைக்கும்போது மண்டிக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டு, மீதியை உங்கள் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய கணக்கையும் புகார் தேடி வரலாம் என்பது உண்மைதான், அதுவும் ஒரு லேயர்தானே. இருந்தாலும் பூட்டு விழுந்தால் ஒரு நாள் வசூலோடு நிற்கும்.

முடக்கம் நீங்கியதாக வங்கி சொன்ன அன்று, நூறு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். கணக்கு திறந்திருக்கும், ஆனால் யூபிஐ பக்கம் தடை அப்படியே இருக்கும், அல்லது 3,500-க்கு இரண்டு வெவ்வேறு புகாரில் இரண்டு லியன் விழுந்து 7,000 நின்றிருக்கும். புது ஸ்டேட்மென்ட் எடுத்து 'கிடைக்கும் இருப்பு' என்ற வரியைப் பாருங்கள். அது மொத்த இருப்பைவிட 3,500 மட்டும் குறைவாக இருந்தால், பழைய கியூஆர் அட்டையை மறுபடி மாட்டலாம்.